75 ஹெச்.பி. என்று எழுதாதீர்கள்: ஸ்பின்னிங் மில் கம்ப்ரசருக்கும் ஏ.எம்.சி.க்கும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) தேவைக் குறிப்பு எழுதும் முறை

பர்சேஸுக்குப் போகிற இண்டென்டில், அதாவது கொள்முதல் கோரிக்கையில், பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "75 ஹெச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர், டிரையருடன், 1 எண்." இதற்கு ஐந்து கொட்டேஷன் வரும். ஐந்தும் 75 ஹெச்.பி.தான். ஒன்று 290 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) தரும், இன்னொன்று 350 தரும். ஒன்றின் டிரையர் ஏப்ரல் வெயிலில் தண்ணீரை அப்படியே லைனுக்கு அனுப்பும். எதையும் தப்பு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் கேட்டது மோட்டாரைத்தான், காற்றை அல்ல.

தேவைக் குறிப்பில் மெஷின் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதுதான் வர வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: என்ன வேலை, எவ்வளவு, எந்தச் சூழலில், எப்படி அளந்து பார்ப்பது. நான்காவது இல்லாத வரி வெறும் ஆசை. "நல்ல தரமான காற்று", "குறைந்த மின்செலவு", "உடனடி சர்வீஸ்" ஆகிய மூன்றும் அந்த வகைதான். சண்டை வரும்போது எந்தப் பக்கமும் நிற்காது.

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்றை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். எண்கள் மாதிரிக்கு. உங்கள் மில்லின் எண்ணை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

முதலில் லீக், பிறகுதான் சி.எஃப்.எம்.

பழைய மெஷின் 350 சி.எஃப்.எம். என்பதால் புதிதும் 350 என்று போடுவது வழக்கம். அந்த 350-ல் எவ்வளவு நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனருக்குப் போகிறது, எவ்வளவு ஓட்டையில் போகிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கவனிக்காமல் விட்ட ஆலைகளில் 20 முதல் 30 சதவீதக் காற்று லீக்கில் போவது சாதாரணம்.

சோதனைக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ மில் நிற்கும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லா மெஷினும் நிற்கட்டும், ஆனால் ஒவ்வொரு மெஷினுக்கும் போகிற ஏர் வால்வு திறந்தே இருக்க வேண்டும். வால்வை மூடிவிட்டு சோதித்தால் மெஷினுக்குள் இருக்கும் லீக் கணக்கில் வராது. நூல் முனைகளைக் காற்றால் இணைக்கும் ஸ்ப்ளைசர், சிலிண்டர், டியூப் கனெக்டர் என்று பாதி லீக் அங்கேதான் இருக்கும். ஒரே ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். பிரஷர் ஏறியதும் அன்லோடு ஆகும் (காற்று தராமல் வெறுமனே ஓடும்), லீக்கால் இறங்கியதும் மறுபடி லோடு ஆகும். லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் குறைந்தது ஐந்து சுற்றுக்குக் குறித்து சராசரி எடுங்கள்.

லோடு 1 நிமிடம் 30 நொடி, அன்லோடு 4 நிமிடம் 30 நொடி என்று வந்தால், 1.5-ஐ 6-ஆல் வகுக்க 25 சதவீதம். 350 சி.எஃப்.எம். மெஷின் என்றால் 87 சி.எஃப்.எம். ஒருத்தருக்கும் பயனில்லாமல் போகிறது.

சோப்புத் தண்ணீரோ அல்ட்ராசோனிக் டிடெக்டரோ எடுத்துக்கொண்டு ஒரு வாரம் லைனைச் சுற்றினால் இதை 10 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். அதாவது 35 சி.எஃப்.எம். மிச்சமாகும் 52 சி.எஃப்.எம்.முக்கு, 100 சி.எஃப்.எம்.முக்குச் சுமார் 18 கிலோவாட் என்று கணக்குப் போட்டால், 9 கிலோவாட்டுக்கு மேல். புதிய மெஷினின் அளவே இதில் மாறிவிடுகிறது. லீக்கை அடைக்காமல் கம்ப்ரசர் வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் வைப்பதுதான்.

அடுத்து, ஏழு நாள் ஃப்ளோ பதிவு. ஹெட்டரில் (கம்ப்ரசர் ரூமிலிருந்து கிளம்பும் முதன்மைப் பைப்) செருகும் வகை ஃப்ளோ மீட்டரை வாடகைக்கு எடுத்து, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும்படி வையுங்கள். மீட்டரை டிரையருக்குப் பிறகு, முன்னும் பின்னும் நேராக ஓடும் பைப்பில் பொருத்த வேண்டும். பெண்டை ஒட்டிப் போட்டால் ரீடிங் தப்பும். பழைய கம்ப்ரசரின் லோடு மணிகளை வைத்துச் சராசரி கண்டுபிடிக்கலாம்தான், ஆனால் சராசரி உங்களைக் காப்பாற்றாது. நான்கைந்து ரிங் ஃபிரேம் ஒரே நேரத்தில் ஆட்டோ டாஃபிங் ஆகும்போது, அதாவது நிறைந்த பாபின்களைத் தானாகக் கழற்றும்போது, வரும் உச்சத்தைத்தான் பிடிக்க வேண்டும். நம் மாதிரி மில்லில் உச்சம் 330, இரவில் குறைந்தது 190. லீக் அடைத்ததில் மிச்சமாகும் 52-ஐ இரண்டிலும் கழித்தால் 278, 138. அடுத்த வருடம் வரப்போகிற ஒரு ஆட்டோகோனருக்கு 20 சேர்த்தால் மேல் எல்லை 300, கீழ் எல்லை 140.

கீழ் எல்லையை யாரும் எழுதுவதில்லை. ஆனால் தேவைக்கேற்ப வேகம் மாறும் இன்வெர்டர் மெஷின் வேண்டுமா, சாதாரண லோடு-அன்லோடு போதுமா என்று முடிவு செய்வது அதுதான். அன்லோடில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒரு துளி காற்று தராமலேயே முழுச் சுமை மின்சாரத்தில் 30 சதவீதம் வரை இழுக்கும். பெரிய மெஷினை வாங்கிக் குறைந்த லோடில் ஓட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: எண்ணெய் சரியாகச் சூடேறாது, காற்றிலிருக்கும் ஈரம் எண்ணெயிலேயே தங்கும், ஏர்எண்ட் (காற்றை அழுத்தும் ஸ்க்ரூ பகுதி) பேரிங் துருப்பிடிக்கும். "எதற்கும் ஒரு சைஸ் பெரிதாக" என்கிற பழக்கத்தின் விலை அது.

இங்கே ஒரு யூனிட் பொறி இருக்கிறது. மெஷின் கையேட்டில் காற்றுத் தேவை "நார்மல் கன மீட்டர்" என்று கொடுத்திருந்தால், அது 0 டிகிரியில், கடல் மட்டக் காற்றழுத்தத்தில் அளந்த கணக்கு. கம்ப்ரசர்க்காரர் சொல்லும் எஃப்.ஏ.டி., உறிஞ்சும் இடத்துக் காற்றின் கணக்கு. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், காற்றழுத்தம் 0.965 பார் அளவில்தான் இருக்கும். 38 டிகிரி வெயிலில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நார்மல் கணக்கின் மேல் ஏறக்குறைய 20 சதவீதம் கூட்ட வேண்டும். இதை விட்டுவிட்டு, "300 வாங்கியும் மே மாதத்தில் பிரஷர் நிற்கவில்லையே" என்று திண்டாடும் மில்கள் உண்டு.

பிரஷர்: கடைசி மெஷினிலிருந்து பின்னோக்கி

"7.5 பார்" என்று பழக்கத்தில் எழுதாமல், அதிகப் பிரஷர் கேட்கும் மெஷினின் கையேட்டை எடுங்கள். ஆட்டோகோனருக்கு 6 பார் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசர் ரூமிலிருந்து கடைக்கோடி வரை மெயின் லைனில் 0.3 பாருக்கு மேல் இழக்கக் கூடாது. ஆகவே டிரையர், ஃபில்டர் எல்லாம் தாண்டி ஹெட்டரில் 6.4 பார் இருந்தால் போதும், 0.1 பார் கையிருப்பு. டிரையரும் அழுக்கேறிய ஃபில்டரும் சேர்ந்து 0.5 பார் தின்னும். கம்ப்ரசர் வாயில் 6.9 பார்.

7 பார் பகுதியில் ஒரு பார் கூட்டினால் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் கூடும். 55 கிலோவாட், அதாவது 75 ஹெச்.பி. மெஷினில் 7 சதவீதம் என்பது 3.85 கிலோவாட், வருடம் 8,000 மணி நேரம், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2,46,400 ரூபாய். லைனில் ஒரு பெண்டை மாற்றி, ஒரு இன்ச் பெரிய பைப் போடும் செலவு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. லைன் இழப்பை முதலில் இரண்டு கேஜ் வைத்து அளந்துவிடுங்கள்.

காற்றின் தரமும் தண்ணீரும்

ஐ.எஸ்.ஓ. 8573-1 தரத்தில் மூன்று எண்கள் வரும்: தூசி, தண்ணீர், எண்ணெய் என்ற வரிசையில். ஸ்பின்னிங்குக்கு 2:4:2 பெரும்பாலும் போதும். நடுவில் உள்ள 4, பிரஷர் டியூ பாயின்ட் (அந்த அழுத்தத்தில் ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி அல்லது அதற்குக் கீழ் என்பது. ரெஃப்ரிஜரேஷன் டிரையர் இதைத் தரும். கடைசி 2, ஒரு கன மீட்டருக்கு எண்ணெய் 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகாது என்பது. இதைத் தாண்டி மைனஸ் 40 டிகிரி டெசிகன்ட் டிரையரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் ஏன் என்று கேளுங்கள். ஹீட்டர் இல்லாத வகை, தன்னை உலர்த்திக்கொள்ளவே சுமார் 15 சதவீதக் காற்றை வெளியே விடும்.

டிரையரில்தான் அதிகம் ஏமாறுவது. கேட்டலாகில் "300 சி.எஃப்.எம்." என்றிருக்கும், உள்ளே வரும் காற்று 35 டிகிரி, ரூம் 25 டிகிரி என்பது பொடி எழுத்தில் இருக்கும். நம் கம்ப்ரசர் ரூமில் ஏப்ரலில் 42, 45 டிகிரி ஓடும். உள்ளே வரும் காற்றும் 45-க்கு மேல். அந்த நிலையில் அதே டிரையரின் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையலாம். ஆகவே இப்படி எழுதுங்கள்: "உள்ளே வரும் காற்று 48 டிகிரி, ரூம் 45 டிகிரி, 6.9 பாரில் 300 சி.எஃப்.எம். ஓடும்போது பிரஷர் டியூ பாயின்ட் 3 டிகிரியைத் தாண்டக் கூடாது. டியூ பாயின்ட் மீட்டர் வைத்து, மே மாதத்தில் நான்கு மணி நேரம் சோதிக்கப்படும்." மெஷின் டிசம்பரில் வந்தால்? மே சோதனை முடியும்வரை பணத்தில் 5 சதவீதத்தை நிறுத்திவைப்போம் என்று பர்சேஸ் ஆர்டரிலேயே போட்டுவிடுங்கள்.

பிரியும் தண்ணீரையும் மறக்க வேண்டாம். 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில், நிமிடத்துக்கு 8.5 கன மீட்டர், அதாவது 300 சி.எஃப்.எம். காற்றிலிருந்து மணிக்குப் பதினோரு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிரியும். நாளுக்கு 250 லிட்டருக்கு மேல். டைமர் டிரெயின் என்றால் தண்ணீர் இல்லாதபோதும் திறந்து காற்றை விடும், மழைக்காலத்தில் போதாமலும் போகும். மட்டத்தைப் பார்த்துத் திறக்கும் டிரெயின் கேளுங்கள், பக்கத்தில் கையால் திறக்கும் பைபாஸோடு. இந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும். மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது, பிரிப்பான் வேண்டும்.

ரிசீவர் டேங்க் அளவுக்கும் காரணம் எழுதலாம். ஓடும் மெஷின் டிரிப் ஆகி ஸ்டாண்ட்பை லோடு எடுக்க 20 நொடி ஆகும், அதற்குள் பிரஷர் 0.5 பாருக்கு மேல் இறங்கக் கூடாது என்றால்: நிமிடத்துக்கு 8 கன மீட்டர், பெருக்கல் மூன்றில் ஒரு நிமிடம், பெருக்கல் 0.97 (வெளிக்காற்றழுத்தம், பாரில்), வகுத்தல் 0.5. ஏறக்குறைய 5.2 கன மீட்டர். 5,000 லிட்டர் டேங்க் சரி. 1,000 லிட்டர் டேங்கோடு ஓடும் மில்களில் ஒவ்வொரு டிரிப்புக்கும் கோனில் ஸ்ப்ளைஸ் பலவீனமாகி, அடுத்த வாரம் நெசவிலிருந்து புகார் வரும். டேங்குக்குத் தகுதி பெற்ற நபரின் சோதனைச் சான்றும், சேஃப்டி வால்வுக்கு செட்டிங் சான்றும் மெஷினோடேயே வர வேண்டும்.

சூழல் பத்தி

இதைத் தனியாக ஒரு பத்தியாக எழுதி, ஒவ்வொரு சப்ளையரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உயரம் 410 மீட்டர், ரூம் 45 டிகிரி வரை, 415 வோல்ட், கூடக் குறைய 10 சதவீதம், 24 மணி நேர ஓட்டம், காற்றில் பஞ்சு. இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். மற்ற ஆலைகளில் கூலரைத் தூசி அடைக்கும். இங்கே பஞ்சு மெத்தையாகவே படியும். எண்ணெய் வெப்பம் 80-லிருந்து 95, பிறகு 105, கடைசியில் 110 அளவில் டிரிப். வெப்பம் 10 டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. வார்னிஷ் படிந்தால் ஏர்எண்டுக்கே கேடு. எனவே கேட்க வேண்டியது: "உள்ளே போகும் குளிர்காற்றுக்கு, ஸ்பேனர் இல்லாமல் கழற்றிக் கழுவக்கூடிய முன் ஃபில்டர் பாய் வேண்டும்; எண்ணெய் பைப்பை அவிழ்க்காமல் கூலரை ஒரு ஃபிட்டர் 30 நிமிடத்தில் சுத்தம் செய்ய முடிய வேண்டும்." மெஷின் வந்த அன்று உங்கள் ஃபிட்டரையே செய்யச் சொல்லி நேரம் பாருங்கள். கம்பெனி ஆள் செய்து காட்டுவது கணக்கில் வராது.

உறிஞ்சும் பக்கம் வேஸ்ட் ரூமையோ ஹியூமிடிஃபிகேஷன் வெளிக்காற்றையோ பார்த்திருக்கக் கூடாது. இது சப்ளையர் வேலையல்ல, உங்கள் வேலை. குறிப்பில் "மில்லின் பொறுப்பு" என்று ஒரு தலைப்புப் போட்டு அதில் எழுதுங்கள். ஃபவுண்டேஷன், கேபிள், டக்ட், இறக்க கிரேன் எல்லாம் அதில் வரட்டும். எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் மெஷின் கேட்டுக்கு வந்து நிற்கும் நாளன்று தகராறாகும்.

மின்செலவை ஒப்பிடுவது

எஃப்.ஏ.டி.யையும் மின்சாரத்தையும் ஐ.எஸ்.ஓ. 1217 படி கேளுங்கள். இன்வெர்டர் மெஷினுக்கு அதன் இணைப்பு ஈ, நிலையான வேக மெஷினுக்கு இணைப்பு சி. மோட்டார் ஷாஃப்ட் பவர் அல்ல, ஃபேன், இன்வெர்டர் இழப்பு எல்லாம் சேர்ந்த மொத்த பேக்கேஜ் பவர் வேண்டும். 140, 220, 300 சி.எஃப்.எம். என மூன்று இடங்களில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: இந்த அளவு மெஷினுக்கு அந்தத் தரம் காற்றில் 5 சதவீதமும், ஒரு கன மீட்டருக்கான மின்சாரத்தில் 6 சதவீதமும் விலகலை அனுமதிக்கிறது. 300 என்று சொன்ன மெஷின் 285 தந்தாலும் சோதனையில் பாஸ்தான். 300 குறையவே கூடாது என்றால், "விலகல் போக 300" என்று எழுதுங்கள்.

நிமிடக் கன மீட்டருக்கு 0.3 கிலோவாட் வித்தியாசம் பார்க்கச் சிறிதாகத் தெரியும். 8.5-ஆல் பெருக்கினால் 2.55 கிலோவாட். ஐந்து வருடம், 40,000 மணி, யூனிட் 8 ரூபாய்: 8,16,000 ரூபாய். கொட்டேஷன்களை விலையோடு இதையும் ஐந்து வருட ஏ.எம்.சி. தொகையையும் கூட்டித்தான் வரிசைப்படுத்த வேண்டும். அந்த முறையைக் குறிப்பிலேயே சொல்லிவிட்டால், "எல்-1 (குறைந்த விலை சொன்னவர்) நான்தானே" என்று பிறகு யாரும் வாதாட முடியாது.

கட்டாயம், விருப்பம் என்று இரண்டாகப் பிரியுங்கள். கட்டாயத்தில் பத்து வரிக்கு மேல் போனால் நீங்கள் எதையோ ஒரு பிராண்டின் கேட்டலாகிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஏ.எம்.சி.: வருகையை வாங்காதீர்கள்

"வருடத்துக்கு நான்கு விசிட்" என்பது வேலையைச் சொல்லவில்லை. 24 மணி நேரம் ஓடும் மில்லில் வருடத்துக்கு 8,400 மணி வரை ஓடும். 2,000 மணி சர்வீஸ் 83 நாளில் வந்துவிடும். ஆகவே ஓட்ட மணியை வைத்து எழுதுங்கள்: ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் 2,000 மணியில், எண்ணெயும், காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் செபரேட்டரும் அந்த எண்ணெய் வகைக்குக் கையேடு சொல்லும் 4,000 அல்லது 8,000 மணியில், அல்லது பிரஷர் வித்தியாசம் எல்லையைத் தொட்டால், எது முன்னால் வருகிறதோ அது. பஞ்சு உள்ள இடத்தில் ஏர் ஃபில்டர் 2,000 மணி தாங்காது. முன்கூட்டி மாற்ற வேண்டி வந்தால் யார் செலவு என்பதையும் எழுதுங்கள்.

பிரேக்டவுனுக்கு இரண்டு நேரம் வேண்டும். ஆள் வந்து சேர 4 மணி நேரம், காற்று திரும்ப 24 மணி நேரம். இரண்டாவது இல்லாவிட்டால், ஆள் நான்கு மணி நேரத்துக்குள் வந்து "போர்டு போயிருக்கு சார், புனேயிலிருந்து வரணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்; ஒப்பந்தப்படி அவர் சரி. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதும் தெளிவாக இருக்கட்டும்: மில் குறிப்பிட்ட எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிய நிமிடத்திலிருந்து, ஞாயிறு, பண்டிகை உட்பட. 24 மணி நேரத்தைத் தாண்டினால் வாடகைக் கம்ப்ரசர், டீசல், பைப் இணைப்பு எல்லாம் சப்ளையர் செலவில். சதவீத அபராதத்தைவிட இது வேலை செய்யும். 98 சதவீத ஓட்டம் என்று மட்டும் கேட்டால், மாதம் 720 மணியில் 14.4 மணி நிறுத்தத்தை நீங்களே அனுமதிக்கிறீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். ஏர்எண்ட், இன்வெர்டர், கன்ட்ரோலர் போர்டு ஆகிய மூன்றும் அதில் இருந்தால் நீங்கள் வாங்குவது ஃபில்டர் மாற்றும் கூலியைத்தான். தவறில்லை, ஆனால் விலை அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். மில்லிலேயே இருக்க வேண்டிய சாமான்: ஏர் ஃபில்டர் 2, ஆயில் ஃபில்டர் 1, செபரேட்டர் 1, மினிமம் பிரஷர் வால்வு கிட், தெர்மோ வால்வு கிட், சொலினாய்டு, டெம்பரேச்சர் சென்சர், பிரஷர் சென்சர், டாப்-அப் எண்ணெய் ஒரு கேன். கழற்றிய பழைய சாமானை மில்லிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் "செக்டு, ஓகே" செல்லாது. சர்வீஸுக்கு முன்னும் பின்னும்: எண்ணெய் வெப்பம், ரூம் வெப்பம், இரண்டின் வித்தியாசம், செபரேட்டர் பிரஷர் வித்தியாசம், முழு லோடில் ஆம்பியர், லோடு மணி, மொத்த மணி. எண்ணெய் வெப்பத்தை மட்டும் பார்த்தால் வெயில் காலம் மழைக்காலம் குழப்பும். ரூமைக் கழித்த எண் மாதாமாதம் ஏறினால் கூலர் அடைகிறது.

ஒப்புக்கொள்ளும் நாள்

மில்லிலேயே காற்றை அளக்க டேங்க் நிரப்பும் சோதனை போதும். டேங்கின் தண்ணீரை முழுதும் வடித்து, வெளி வால்வை இறுக்கமாக மூடி, பூஜ்யத்திலிருந்து 6 பார் ஏற எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். இன்வெர்டர் மெஷின் முழு வேகத்தில் ஓட வேண்டும். டேங்க் 5 கன மீட்டர், கம்ப்ரசரிலிருந்து டேங்க் வரை பைப்பும் கூலரும் 0.3. 6-ஐ 0.97-ஆல் வகுத்து, 5.3-ஆல் பெருக்கினால் 32.8 கன மீட்டர். 3 நிமிடம் 45 நொடி எடுத்தால் நிமிடத்துக்கு 8.74, அதாவது 308 சி.எஃப்.எம். ஆனால் டேங்குக்குள் காற்று 48 டிகிரி, வெளியே 36 டிகிரி என்றால் 309-ஐ 321-ஆல் (இரு வெப்பநிலையோடும் 273 கூட்டிய எண்கள்) வகுத்த எண்ணால் பெருக்க வேண்டும், 297 ஆகிவிடும். இந்தத் திருத்தத்தைச் சப்ளையர் ஆள் சொல்ல மாட்டார். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இதில் சில சதவீதப் பிழை இருக்கும், ஆகவே 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஐ.எஸ்.ஓ. 1217 படி மறுசோதனை, தோற்பவர் செலவு என்று குறிப்பில் இருக்கட்டும்.

பிறகு மெயின் சுவிட்சை ஆஃப் செய்து, டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) எடுக்கும்போது மெஷின் என்ன செய்கிறது என்று பாருங்கள். தானாகத் திரும்ப ஓடும் வசதி கேட்டிருந்தால், எச்சரிக்கை ஒலியும் தாமதமும் வேண்டும்; பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் இல்லாமல் அந்த வசதியை ஆன் செய்யவே வேண்டாம், உள்ளே ஃபிட்டரின் கை இருக்கலாம்.

கடைசி பில்லில் கையெழுத்துப் போடும் முன் கன்ட்ரோலரின் சர்வீஸ் பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஃபில்டர் மாற்றிய பிறகு மணியை ரீசெட் செய்யக்கூட ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும், அதுவும் ஏ.எம்.சி. முடிந்த மறுநாளில்தான் தெரியவரும்.